டீசல்காரர் ஏறிய கரண்ட் பஸ்

பஸ்ஸில் வாந்தி எடுப்பவர்களைப் பற்றி ஊரில் யாருக்கும் நல்ல அபிப்பிராயம் கிடையாது. காய்ச்சல் என்றால் கஞ்சி வைத்துத் தருவார்கள். தலைவலி என்றால் தைலம் தடவிவிடுவார்கள். வாந்தி என்றால் மட்டும் ஜன்னலோர இடத்தைக் கொடுத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். நான் அந்த ஜன்னலோரக் கூட்டம். கல்யாணமாகித் திருநெல்வேலியிலிருந்து திருவனந்தபுரத்துக்கு வேனில் வந்த அன்று வள்ளியூர், நாகர்கோவில், மார்த்தாண்டம் என்று வழியில் இருந்த ஊர்களையெல்லாம் குனிந்தபடியேதான் பார்த்தேன். நெய்யாற்றின்கரையில் பட்டுச்சேலையோடு குனிந்து நின்ற என் நெற்றியைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, "அவ்வளவுதானா, இன்னும் இருக்கா?" என்று ஒருவர் கேட்டார். அவர்தான் என் வீட்டுக்காரர் உச்சிமாகாளி. தனியாக அவர் என்னிடம் பேசிய முதல் பேச்சு அதுதான்.

இதில் கொடுமை என்னவென்றால், அவருக்குத் தொழிலே டீசல். சாலை என்கிற பெரிய கடைத்தெருவில் பஸ், லாரி எஞ்சின்களுக்கு ஸ்பேர் பார்ட்ஸ் விற்கிற கடை. எனக்கு ஆகாதது பஸ் அல்ல, டீசல் வாடை. ரயிலில் சென்னை வரைக்கும் முறுக்குத் தின்றுகொண்டே போய்வருவேன். டீசல் பஸ் பக்கத்தில் வந்து நின்றாலே வயிறு புரளும். அதனால் அவர் கடையிலிருந்து வந்ததும் வீட்டுக்குப் பின்னாலிருக்கும் குழாயடியில் சோப்புப் போட்டுக் குளித்துவிட்டுத்தான் உள்ளே நுழைய வேண்டும் என்று வந்த புதிதிலேயே சட்டம் போட்டுவிட்டேன். சொந்த வீட்டுக்குள் போக இத்தனை கெடுபிடியா என்று முணுமுணுப்பார். ஆனால் ஒருநாளும் குளிக்காமல் உள்ளே வந்ததில்லை.

இப்படி நடந்தே போகிற தூரத்துக்குள் என் உலகம் ஓடிக்கொண்டிருந்தது. கோயில், மார்க்கெட், ஆஸ்பத்திரி, அவ்வளவுதான். அப்போதுதான் ஊருக்குள் கரண்ட் பஸ் வந்தது.

அதில் என்னை ஏற்றியது ஆஷா. ஊருக்கு வடக்கே கழக்கூட்டம் என்கிற இடத்தில் கம்ப்யூட்டர் கம்பெனிப் பெண்களுக்கு ஹாஸ்டல் நடத்துகிறவள். அரிசி பருப்பு வாங்க சாலைக்கு வருவாள். எங்கள் பக்கத்து மளிகைக் கடையில் நான் திரித்துக் கொடுக்கிற சாம்பார்ப் பொடியை வாங்கிப்போய், இரண்டாவது தடவை பொடிக்குப் பதிலாக என்னையே கேட்டு வந்துவிட்டாள்.

"செல்விச் சேச்சி, ஹாஸ்டல்ல பாதிக்குப் பாதி தமிழ்ப் பிள்ளைங்களாணு. என் குக்கு வைக்கிற சாம்பாரைக் கண்டா கண்ணுல தண்ணி விட்டுக் கரையுதுங்க. அடுக்களைய நீங்க ஏத்தெடுத்து நடத்தணும், கேட்டோ. ஒரு தடவை வந்து பாத்துட்டுப் பறயுங்க" என்றாள்.

பஸ் எனக்கு ஆகாது என்றேன். ரயிலில் வரலாமென்றால் அந்த நேரம் அடுக்களை நேரத்தோடு ஒத்துப்போகவில்லை. அவள் கேட்கவில்லை. கிழக்கே கோட்டை பஸ் ஸ்டாண்டில் வெள்ளை நிறத்தில் நின்ற ஒரு பஸ்ஸுக்குள் கையைப் பிடித்து ஏற்றிவிட்டாள். நான் மடியில் பாலித்தீன் கவரை விரித்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். பாளையம் போனது, பட்டம் போனது, உள்ளூர் போனது. எப்போது வரும், எப்போது வரும் என்று நானும் காத்திருக்கிறேன், வரவில்லை. கழக்கூட்டத்தில் இறங்கும்போதும் கவர் காலியாகவே இருந்தது. அதை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. சிரிக்காதீர்கள். ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டு ஒரு இடத்துக்குப் போய்ச் சேர்வது எப்படியிருக்கும் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

திங்கட்கிழமையிலிருந்து வருகிறேன் என்று ஆஷாவிடம் சொல்லிவிட்டேன். வீட்டில் சொல்வதுதான் பாக்கி இருந்தது.

அதற்கு நான் தேர்ந்தெடுத்த நேரம் சரியில்லை. அன்றைக்குத்தான் சாலை ஸ்பேர் பார்ட்ஸ் வியாபாரிகள் சங்கத்தில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு நாள் குறித்திருந்தார்கள். கழக்கூட்டம் வழியில் கரண்ட் பஸ்ஸை எடுத்துவிட்டு மறுபடி டீசல் பஸ்ஸே விட வேண்டும் என்று மந்திரி வரைக்கும் போய் மனுக் கொடுப்பதாகத் திட்டம். பேசப்போவது யார்? இவரேதான். சங்கத்தில் வாய் உள்ளவர் இவர் ஒருவர்தான் என்பது அவர்கள் எண்ணம், வீட்டில் பாதி நாள் அதை நான் மூடி வைத்திருப்பது அவர்களுக்குத் தெரியாது.

விஷயத்தைச் சொன்னதும் சாப்பிட்ட கையைத் தட்டிலேயே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"ஏட்டி, நான் அங்க மைக்கப் பிடிச்சு கரண்ட் பஸ் வேண்டாம்னு பேச, நீ அதுலயே ஏறி தெனமும் வேலைக்குப் போவியா? சங்கத்துல பிச்சையா அண்ணாச்சி மூஞ்சியில நான் எப்பிடி முழிக்க?"

"அதுக்கு நான் என்ன செய்ய? எனக்கு அந்தப் பஸ்ஸுதான் ஆகுது."

"மழை பேஞ்சா நம்ம தெருவுல கரண்டு போயிப் போயி வருது. பஸ்ஸு எத நம்பி ஓடும்?"

"பஸ்ஸுக்கு நம்ம வீட்டு பிளக்குலயா சார்ஜ் போடுதாவ?"

"டீசல் வண்டி நடுவழியில நின்னா ஒரு கம்பியக் கட்டி ஊர் கொண்டு சேத்திரலாம். இது நின்னா? லாப்டாப்போட ஒருத்தன் வரணும். அவன் எப்ப வருவானோ."

"நிக்கட்டும். நின்ன எடத்துல வாந்தி எடுக்காம உக்காந்திருப்பேன்."

குரலை இறக்கிச் சொன்னார்: "அதுல எஞ்சினே கெடையாது செல்வி. நாசில் இல்ல, ஃபில்டர் இல்ல. எல்லாப் பஸ்ஸும் அப்பிடி ஆயிட்டா நாங்க என்னத்த விக்க?" அது உண்மையான கவலை. ஆனால் என் காலிக் கவரும் உண்மைதானே. இந்த மனு பலித்தால் ஆஷாவின் அடுக்களை என் கையை விட்டுப் போய்விடும், நான் பழையபடி நடக்கிற தூரத்துக்குள் முடங்க வேண்டியதுதான்.

"நான் வாந்தி எடுக்கலன்னு சொல்லுதேன், நீங்க நம்பல. அதுதான விஷயம்?" என்றேன்.

"எப்பிடி நம்ப? ஒன்ன எனக்குத் தெரியாதா?"

"அப்ப வாங்க. சனிக்கிழமை ரெண்டு பேரும் போவோம். நான் ஒரு தடவை எடுத்தாலும் வேலைக்குப் போகல. எடுக்கலன்னா நீங்க அந்த மனுவத் தொடப்பிடாது."

"சரி" என்றார். ஜெயித்துவிட்ட மாதிரி ரசத்தை ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டார்.

சனிக்கிழமை காலையில் கிளம்பும்போது பார்த்தால் அவர் சட்டைப்பை புடைத்துக்கொண்டிருந்தது. ஒரு எலுமிச்சம்பழம், இரண்டு பாலித்தீன் கவர். எனக்காக! எரிச்சலும் வந்தது, அதற்குள்ளேயே ஒரு சந்தோஷமும் வந்தது. பந்தயம் கட்டினாலும் நான் தோற்கும்போது பிடித்துக்கொள்ள ஆள் தயாராகத்தான் வந்திருந்தார்.

கிழக்கே கோட்டையில் பஸ்ஸை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். மாடு வாங்கப் போனவரைப் போலக் குனிந்து கீழே பார்த்தார், பின்பக்கம் போய்க் கையால் தட்டிப் பார்த்தார். கண்டக்டர் பினு, சின்ன வயதுப் பையன், "எந்தா சேட்டா, வாங்கிக்கிட்டுப் போறீங்களா?" என்று கேட்டதும்தான் ஏறினார். ஜன்னலோர இடத்தை வழக்கம்போல எனக்கு ஒதுக்கினார். நான் வேண்டாமென்று சொல்லி உள்பக்கம் உட்கார்ந்துகொண்டேன். அவருக்கு அது பிடிக்கவில்லை.

சத்தமே இல்லாமல் பஸ் கிளம்பியது. "கெளம்பிருச்சா?" என்றார். ஓவர்பிரிட்ஜ் தாண்டும்வரைக்கும் என் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தார். நான் கடையில் வாங்கிவந்த கடலை மிட்டாயைக் கடித்துக்கொண்டிருந்தேன். பாளையத்தில் ஒரு திருப்பம். பஸ் விறுக்கென்று ஓடியது, மெல்ல இழுத்தாற்போல வேகம் குறைந்தது, மறுபடி விறுக்கென்று ஓடியது. அவர் முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். பட்டத்தில் பேச்சை நிறுத்திவிட்டார். கேசவதாசபுரத்தில் அவர் நெற்றியில் முத்து முத்தாக வேர்த்திருந்தது. உள்ளே ஏசி ஓடிக்கொண்டிருக்கிறது!

"என்னங்க?"

"ஒண்ணுமில்ல."

உள்ளூர் வந்தபோது கையை நீட்டி, "அந்த மிட்டாய அங்கிட்டு வையி" என்றார். சிறிது தூரம் போனதும் தன் சட்டைப்பையிலிருந்து அந்த எலுமிச்சம்பழத்தை எடுத்தார். என்னிடம் தரப்போகிறாராக்கும் என்று நினைத்தேன். மூக்கோடு அழுத்தி வைத்துக்கொண்டு கண்ணை மூடிவிட்டார். எனக்குச் சட்டென்று புரிந்துபோயிற்று. அந்த முகத்தை நான் கண்ணாடியில் எத்தனை தடவை பார்த்திருக்கிறேன்! நான் அவர் பையிலிருந்து கவரை உருவி விரித்துப் பிடிப்பதற்கும் ஸ்ரீகார்யம் நிறுத்தம் வருவதற்கும் சரியாக இருந்தது.

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. நான் அவர் நெற்றியைத் தாங்கிப் பிடித்துக்கொண்டேன்.

"அவ்வளவுதானா, இன்னும் இருக்கா?" என்று கேட்டேன்.

கேட்டுவிட்டேன், கேட்காமல் இருக்க என்னால் முடியவில்லை. தலையைத் தூக்காமலே என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு குனிந்தபடியே தோள் குலுங்கச் சிரித்தார், சிரித்ததில் மறுபடியும் வந்துவிட்டது.

பினு தண்ணீர்ப் பாட்டிலோடு வந்தான். "சாரமில்ல சேட்டா, போகட்டும். டீசல் வண்டி பழகினவங்களுக்கு முதல்ல இப்படித்தான் வரும். எங்க பழைய டிரைவர் ஒரு ஆளு, புறகால சீட்டுல உக்காந்து வந்தா இப்பவும் வாந்தி எடுப்பாரு" என்றான். அது நிஜமோ அவர் மனதைத் தேற்றச் சொன்னதோ தெரியாது. அந்தப் பையன் நன்றாக இருக்கட்டும்.

ஹாஸ்டல் அடுக்களையில் அவரை மின்விசிறிக்கு அடியில் உட்காரவைத்தேன். மோரில் உப்பும் இஞ்சியும் போட்டுக் கொடுத்தேன். ஆஷா வந்து ஒரு வணக்கம் சொல்லிவிட்டு, நிலைமையைப் பார்த்து, வேறு எதுவும் கேட்காமல் போனாள். மோரைக் குடித்து முடித்ததும் அவர் முகம் தெளிந்தது.

"காதுதான் காரணம் செல்வி" என்றார். "டீசல் வண்டியில சத்தத்த வச்சே தெரிஞ்சிரும், இப்ப கியர் மாத்துவான், இப்ப பிரேக் போடுவான்னு. ஒடம்பு முன்னக்கூட்டியே தயாராயிரும். இது ஒண்ணும் சொல்லாம கொள்ளாம இழுக்கு, விடுது. என் ஒடம்புக்கு எப்பிடித் தெரியும்?"

"என் மூக்குக்கு ஆகாதது ஒங்க காதுக்கு வேணும்போல."

"இத்தன வருஷம் ஒனக்கு இப்பிடித்தான் இருந்துச்சா?"

"இதவிட மோசமா."

காலி டம்ளரைக் கீழே வைத்தார். "நீ சும்மா செல்லம் கொஞ்சுதன்னு நெனச்சிட்டேன்" என்றார். எனக்கு அவர்மேல் அந்த நிமிஷத்தில் வந்த பிரியத்தை எப்படிச் சொல்வது? கல்யாணத்தன்றுகூட அவ்வளவு வரவில்லை. எழுந்து போய் அடுப்படியைப் பார்த்தார். பெரிய கிரைண்டரைத் தட்டிப் பார்த்து, பெல்ட் தளர்ந்திருக்கிறது, திங்கட்கிழமை புதுசு கொடுத்துவிடுகிறேன் என்றார்.

திரும்பும்போது அந்தப் பஸ்ஸில் ஏற மாட்டேன் என்று ஒரேயடியாகச் சொல்லிவிட்டார். நான் மட்டும் என்ன, டீசல் பஸ்ஸில் ஏறுவேனா? கழக்கூட்டத்தில் அவர் ஒரு பஸ்ஸில் ஏறினார், நான் ஒரு பஸ்ஸில் ஏறினேன். உள்ளூர் சிக்னலில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து புகையை நன்றாக இழுத்துக்கொண்டு, ராஜா மாதிரி இருந்தார். என்னைப் பார்த்துக் கையை ஆட்டினார். கிழக்கே கோட்டைக்கு நான்தான் முதலில் வந்தேன், அவருக்காகக் காத்து நின்றேன்.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு, "நீயும் வா" என்றார். பிச்சையா அண்ணாச்சி கடை மாடியில் சங்கத்து ஆட்களெல்லாம் உட்கார்ந்திருந்தார்கள். நான் வாசலோரம் நின்றுகொண்டேன். இவர் எழுந்தார்.

"அண்ணாச்சி, நேத்து நான் அந்தப் பஸ்ஸுல கழக்கூட்டம் போனேன். வழியில வாந்தி எடுத்தேன்" என்றார்.

"பாத்தீயளா! இதத்தான் மனுவுல எழுதணும்!" என்று பிச்சையா அண்ணாச்சி மேசையைத் தட்டினார்.

"இருங்க. எனக்கு ஆகல, நெசம். இந்தா நிக்காளே, இவளுக்கு ஆகுது. கல்யாணமான நாளுல இருந்து இவளுக்கு ஆகாத வண்டிக்கு சாமான் வித்துத்தான் இவளுக்குச் சோறு போட்டிருக்கேன். நாளையில இருந்து அந்தப் பஸ்ஸுல இவ வேலைக்குப் போறா. அந்த வழியில கை வைக்கச் சொல்லி நான் பேச மாட்டேன்."

"அப்ப நம்ம பொழைப்பு?"

"அதுக்கு மனு கொடுப்போம். பிரேக்கு, டயரு, வைப்பரு, ஏசி எல்லாம் அந்த வண்டியிலயும் உண்டுல்லா? அந்தச் சாமான நம்மகிட்ட வாங்கச் சொல்லிக் கேப்போம். அதுக்கு வேணும்னா நான் மந்திரிகிட்டயும் பேசுதேன்."

கூச்சல் வந்தது. டீ வந்ததும் அடங்கியது. ஒருவர் ஒப்புக்கொண்டார், ஒருவர் முறைத்தார், மீதிப்பேர் இவர் எந்த இடத்தில் வாந்தி எடுத்தார் என்பதைத்தான் விசாரித்தார்கள். மனுவைத் திருத்தி எழுதுவது என்று முடிவாயிற்று. பிச்சையா அண்ணாச்சி இன்றைக்கு வரைக்கும் இவரோடு அவ்வளவாகப் பேசுவதில்லை. இவரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

திங்கட்கிழமை காலையில் பஸ் நிறுத்தம் வரைக்கும் கூட வந்தார். கிரைண்டர் பெல்ட்டை ஒரு காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார். கூடவே சட்டைப்பையிலிருந்து ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்து என் பைக்குள் போட்டார்.

"இது எனக்கு எதுக்குங்க? எனக்குத்தான் ஒண்ணும் செய்யலியே" என்றேன்.

"வச்சிக்கோ" என்றார். "என்னய மாதிரி எவனாச்சும் ஒரு டீசல்காரன் ஏறுவான். குடு."