நதியின் நடுவில் ஒரு பொட்டு

பக்கத்து வீட்டு ஹெலன் நம்பித்தான் கொடுத்தார். சுவரிலிருந்து விழுந்து கண்ணாடி நொறுங்கிப்போன படம். பரமட்டாவில் ஆபீஸுக்குப் போகிற வழியில் ஃபிரேம் கடை இருக்கிறது, புதுக் கண்ணாடி போட்டுத் தருகிறேன் என்று லக்ஷ்மிப்ரியாதான் வலியப்போய் வாங்கி வந்தாள். இயற்கையைப் பார்த்து உருகிய அந்தக் காலத்து ஓவியர் ஒருவர் செம்புத் தகட்டில் கீறி, மை தடவி, காகிதத்தில் அச்செடுத்த ஆறு. ஹெலனுக்கு அவர் கணவர் கடைசியாகக் கொடுத்த கல்யாண நாள் பரிசு.

அலையே இல்லாத ஆறு. கரையில் சாய்ந்த மரம், தண்ணீர் குடிக்கும் மாடுகள். பார்த்தாலே மனசு அடங்கிவிடும்.

மறுநாள் ஆடிப்பெருக்கு. சிட்னியில் ஆடி என்றால் பல் கிட்டும் குளிர். வருஷா வருஷம் சமையலறைக் குழாய்க்குப் பொட்டு வைத்துக் கும்பிட்டு அவளுக்கு அலுத்திருந்தது. ஆறே வீடு தேடி வந்திருக்கும்போது குழாய் எதற்கு? படத்தைச் சுவரில் சாய்த்து, எலுமிச்சை சாதம் வைத்து, விளக்கேற்றினாள். ஏழு வயது மகள் வர்ஷா பக்கத்தில் கைகூப்பி நின்றாள். சாமி படமென்றால் கண்ணாடி இருக்கும் என்று பழகிய கை! குழைத்த சந்தனமும் குங்குமமும் நேரே நதியின் நடுவில் போய் உட்கார்ந்தன.

காகிதம் கண்ணெதிரே அதைக் குடித்தது. பதறிப்போய் ஈரத்துணியால் துடைத்தாள். சிவப்புச் சாயம் மாடுகள்வரை இழுகிவிட்டது.

உண்மையைச் சொல்லத்தான் கிளம்பினாள், வர்ஷாவையும் கூட்டிக்கொண்டு. ஆனால் ஹெலனின் விரல் அந்தக் கறைமேல் நின்றபோது, உங்கள் படத்துக்குப் பொட்டு வைத்துக் கும்பிட்டேன் என்று சொல்ல நாக்குக் கூசியது. இந்த அம்மாள் நம்மைப்பற்றி என்ன நினைப்பார்? படித்தவள், ஆபீஸில் பத்துப் பேரை மேய்ப்பவள். வாய் முந்திக்கொண்டது.

"வர்ஷாதான்... பெயிண்ட்டைக் கொட்டிட்டா."

அதை ஆங்கிலத்தில் சொன்னாள், குழந்தைக்கும் நன்றாகப் புரிகிற ஆங்கிலத்தில்.

வர்ஷா அம்மாவை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு ஹெலனிடம், "சாரி" என்றாள். ஹெலன் கண்ணைத் துடைத்துக்கொண்டு குனிந்து, "இட்ஸ் ஓகே, டார்லிங்" என்று அவள் தலையைத் தடவினார். லக்ஷ்மிப்ரியாவுக்கு அங்கேயே செத்துவிடலாம் போலிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் வர்ஷா ஷூவைக்கூடக் கழற்றவில்லை.

"அம்மா, நாம சாமி கும்பிட்டது ராங்காம்மா?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தாள் லக்ஷ்மிப்ரியா. அதைச் சொல்லவேண்டிய இடம் ஹெலன் வீட்டு வாசல் என்று அவளுக்குத் தெரியும். கால்தான் எழவில்லை.