சலவைக்கூடத்துப் பின்சுவர்

அந்த ஆஸ்பத்திரியில் குழாய் வேலை பார்ப்பவரை எல்லோரும் சொட்டண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள். எங்கேயாவது ஒரு சொட்டு விழுந்தால் மனிதருக்குச் சோறு இறங்காது. பதினெட்டு வருடமாக ஸ்பேனரும் கையுமாக அலைகிறவர். அவருக்கே தண்ணி காட்டிக்கொண்டிருந்தது சலவைக்கூடத்துப் பின்சுவர். உள்ளே ஓடும் பழைய இரும்புக் குழாய் எங்கே கசிகிறது என்று பிடிபடாமல், சுவர் முழுக்கப் பாசி மண்டிக் கிடந்தது.

போன மாதம்தான் கண்டுபிடித்தார். பாசியைக் கம்பி பிரஷால் வழித்தெடுத்தார். சுவரை உடைத்துப் புதுக் குழாய் போட்டார். பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவி, சிமெண்ட் பூசி, வெள்ளையும் அடித்துவிட்டார். பள்ளிக்கூடத்தில் பாசி கேட்டார்கள் என்று மகள் நச்சரித்ததால், வழித்ததில் ஒரு பிடியை மட்டும் பழைய மாத்திரை டப்பாவில் போட்டுக் கொடுத்திருந்தார். அதில் அரிசி அளவில் நாலு நத்தை ஒட்டியிருந்ததை அவர் கவனிக்கவில்லை. மகளின் டீச்சர் கவனித்து, மியூசியத்துக்கு அனுப்பிவைத்தார்.

மியூசியத்தில் நத்தைகளை ஆராய்கிற அம்மா மூச்சு வாங்க ஆஸ்பத்திரிக்கே வந்து நின்றார்.

"டப்பாவுல நாலு நத்த இருந்துச்சு. எழுபது வருசமா இத யாரும் பாத்ததில்லண்ணே. அழிஞ்சுபோச்சுன்னு புத்தகத்துலயே எழுதியாச்சு. எங்க எடுத்தீங்க?"

சொட்டண்ணன் சுவரைக் காட்டினார். அது கல்யாண வீட்டுச் சுவர் மாதிரி பளபளத்தது.

"அந்த நாலும் இருக்குங்களா?" என்று கேட்டார் சொட்டண்ணன்.

"மூணு செத்துப்போச்சு. ஒண்ணு இருக்கு. இந்த வகை தனியா இருந்தா முட்ட போடாதுண்ணே. இன்னொண்ணு கெடைச்சே ஆகணும்."

ஈரம் திரும்பினால் நத்தையும் திரும்பும் என்று சொட்டண்ணன் அன்றைக்கே கோணிச்சாக்கை நனைத்துச் சுவரில் தொங்கவிட்டார். காலையும் மாலையும் ஹோஸ் பிடித்தார். ஊரே பார்த்துச் சிரித்தது.

"என்னண்ணே, ஒழுகுறத நிறுத்துனதுக்கும் சம்பளம், ஒழுக விடுறதுக்கும் சம்பளமா?" என்றார் சூப்பர்வைசர்.

பத்து நாள் ஊற்றியும் எறும்புதான் வந்தது. வேலையைத்தானே செய்தேன் என்று யாரிடம் போய் வாதாடுவது? பாவம் செய்துவிட்டோம் என்ற நினைப்பு போகவில்லை. செய்ததைச் சரிசெய்ய அவருக்குத் தெரிந்த வித்தை எதுவும் உதவவில்லை.

பதினோராம் நாள் அந்த அம்மா மறுபடி வந்தார்.

"அது சாப்பிட மாட்டேங்குதுண்ணே. ரொம்ப நாள் தாங்காது. இந்தக் கட்டடத்துல வேற எங்கயாவது இதே மாதிரி ரொம்ப நாளா ஒழுகுற எடம் இருக்கா?"

இந்தக் கட்டடத்தின் குழாய்கள் சொட்டண்ணனுக்கு உள்ளங்கை ரேகை. அந்த அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனார். சமையற்கூடத்துப் பின்பக்கம். பாய்லர் அறை. எக்ஸ்ரே அறைக்கு வெளியே உள்ள சந்து.

"இங்க ஒழுகிட்டு இருந்துச்சு. அடைச்சுட்டேன்," என்றார் ஒவ்வொரு இடத்திலும். போகப் போகக் குரல் இறங்கிக்கொண்டே வந்தது.

கடைசியாக மாடித் தொட்டியின் அடிப்புறம். அந்த அம்மா குனிந்து டார்ச் அடித்து, மூலை முடுக்கெல்லாம் உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். கையில் சுண்ணாம்புத் தூள்தான் ஒட்டியது.

"துளி ஈரம் இல்ல," என்றார். அதில் குத்தல் இல்லை. "நல்லா வேல பாத்திருக்கீங்கண்ணே."

சொட்டண்ணன் தலையைக் கவிழ்த்துக்கொண்டார்.