ஒட்டகம் என்று பெயரெடுத்தவள்

காலரை முதலில் தேய்க்க வேண்டும். அப்புறம் தோள், அப்புறம் கைகள், கடைசியில்தான் முதுகு. இஸ்திரிப் பிரிவில் சேர்ந்த அன்றே எல்லோருக்கும் இதைத்தான் சொல்லிக் கொடுப்பார்கள். அன்றைக்குச் சின்னவள் முதுகில் ஆரம்பித்தாள். பக்கத்து மேசையில் நின்ற பெரியவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"ஏன்டி, சட்டையைத் தலைகீழாப் படிக்கிறியா?"

சின்னவள் நிமிர்ந்து பார்த்தாள். பார்த்தாளே தவிர, கேட்டது காதில் விழுந்த மாதிரி தெரியவில்லை. நாக்கால் உதட்டைத் தடவிக்கொண்டு மறுபடியும் குனிந்தாள். உதடு பாளம் பாளமாக வெடித்திருந்தது.

இரண்டு பேரும் ஓரகத்திகள். அண்ணனைக் கட்டியவள் பெரியவள், தம்பியைக் கட்டியவள் சின்னவள். ஒரே வீடு, ஒரே அடுப்பு, இப்போது ஒரே கம்பெனி. கூரைத் தகரம் வெயிலில் முறுக்கிக்கொண்டு கிடந்தது. மின்விசிறிகள் இருந்தன, ஓடவில்லை. காற்றடித்தால் மடிப்பு நிற்காதாம். மனுஷி நிற்பாளா என்று யாரும் கேட்கவில்லை.

கக்கூஸ் ஒன்றுதான். அதன் சாவி சூப்பர்வைசர் மேசையில் ஆணியில் தொங்கும். போக வேண்டுமென்றால் அட்டைப்பெட்டி அடுக்கும் ஆண்கள் அத்தனை பேரும் பார்க்க, அவர் முன்னால் போய்க் கை நீட்ட வேண்டும். "காலைல போனியே, அதுக்குள்ள என்ன?" என்று அவர் ஊருக்கே கேட்கிற மாதிரி கேட்பார். அந்த மனிதருக்குப் பெண்கள் வைத்த பெயர் சாவிக்கொத்து. பெயர் வைப்பதைத் தவிர வேறென்ன செய்ய முடியும்? மானத்துக்குப் பயந்து தண்ணீரைக் குறைத்தார்கள். மத்தியானம் சோற்றோடு ரெண்டு மடக்கு, அவ்வளவுதான். நாள் பூராவும் சாவி கேட்காதவளுக்கு 'ஒட்டகம்' என்று பட்டம். அதைக் கேலியாக அல்ல, மெச்சித்தான் சொல்வார்கள். சின்னவள்தான் அங்கே ஒட்டகம். "இவளைப் பாத்துக் கத்துக்குங்க" என்று சாவிக்கொத்தே சொல்லியிருக்கிறார். இந்த வாரம் ஒருத்தியை நிரந்தரமாக்கப் போகிறார்கள், அது அவள்தான் என்று ஜாடையாகவும் சொல்லி வைத்திருந்தார். நிரந்தரம் என்றால் நாளைக்கு வராதே என்று யாரும் வாசலில் நிறுத்த முடியாது. அந்த வீட்டில் இதுவரை யாருக்கும் அப்படி ஒரு வேலை வாய்த்ததில்லை.

முந்தின நாள் சாயங்காலத்திலிருந்து சின்னவளுக்கு வயிற்றுப்போக்கு. நின்றபாடில்லை.

"லீவு போட்டுத் தொலையேன்டி" என்றாள் பெரியவள்.

"இந்த வாரம் லீவு போட்டா எல்லாம் போச்சுக்கா. அடக்கிக்குவேன்."

"அப்படின்னா பச்சத்தண்ணி பல்லுல படக்கூடாது, சொல்லிட்டேன். உள்ள போனாத்தானே வெளிய வரும்?"

சொன்னவள் பெரியவள்தான். அவளுக்கு அது நியாயமாகப் பட்டது. அங்கே இருக்கிற எவளுக்கும் நியாயமாகத்தான் பட்டிருக்கும். சின்னவள் சொன்ன சொல் தட்டாதவள். ஒரு சொட்டு குடிக்காமல் வேலைக்கு வந்தாள்.

வெயில் உச்சிக்கு ஏறியபோது சின்னவள் தேய்த்து மடித்த சட்டையைப் பிரித்து மறுபடியும் தேய்த்தாள். கெண்டைக்கால் இழுக்கிறது என்று ஒரு காலைத் தூக்கித் தூக்கி வைத்தாள். கீழே விழுந்த பொத்தானை எடுக்கக் குனிந்து நிமிர்ந்தவள் மேசையைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, நான் இன்னிக்குப் பள்ளிக்கூடம் போகல" என்றாள் பெரியவளைப் பார்த்து.

பெரியவளின் சிரிப்பு அங்கேயே நின்றது. அவள் இஸ்திரிப்பெட்டியை வைத்துவிட்டு ஓடுவதற்குள் சின்னவள் துணிக் குவியல்மேல் சரிந்துவிட்டாள்.

ஆளுக்கு ஆள் வைத்தியம் சொன்னார்கள். பசி மயக்கம் என்றாள் ஒருத்தி. முழுகாமல் இருக்கிறாளோ என்றாள் இன்னொருத்தி. ஒருத்தி சொம்போடு வந்து வாயைப் பிளந்து ஊற்றப் பார்த்தாள். பாதி உள்ளே போய்ப் புரையேறி, சின்னவள் கண்செருகி இருமினாள். "ஊத்தாதடி பாவி!" என்று பெரியவள் சொம்பைத் தட்டிவிட்டாள். சின்னவளின் நெற்றியைத் தொட்டாள். அந்தச் சூட்டில் எல்லோருக்கும் வியர்த்து ஊற்ற, இவள் நெற்றி மட்டும் காய்ந்து கிடந்தது.

"வண்டி பிடிங்க" என்றார் சாவிக்கொத்து. "மத்தவங்க போய் வேலையைப் பாருங்க."

ஆஸ்பத்திரியில் நர்ஸ் சின்னவளின் புறங்கைத் தோலைக் கிள்ளி விட்டாள். கிள்ளிய தோல் அப்படியே கூடாரம் அடித்த மாதிரி நின்றது. உடனே படியவில்லை.

"கடைசியா எப்ப ஒண்ணுக்குப் போனாங்க?"

"நேத்து ராத்திரி."

"என்ன நிறம்?"

"கடுங்காப்பி மாதிரி இருந்துச்சுன்னு சொன்னா. சூடுன்னு நெனச்சோம்."

"தண்ணி குடுத்தீங்களா?"

பெரியவள் முந்தானையைத் திருகினாள். "போக்கு நிக்கட்டும்னு நாந்தான் வேணாம்னு சொன்னேன்."

நர்ஸ் பொறுமையில்லாதவள். அவளும் காலையிலிருந்து உட்காரவில்லை. "வயித்தால போகும்போதுதான்மா அதிகமாக் குடுக்கணும். போறது தண்ணி மட்டுமில்ல, உடம்புல இருக்கிற உப்பும் சேந்து போகுது. இன்னும் கொஞ்சம் தாமதிச்சிருந்தா கிட்னி போயிருக்கும், அப்புறம் ஆளும் போயிருக்கும்." கை நரம்பில் ஊசியை ஏற்றிக்கொண்டே சொன்னாள். "நெனவில்லாதவ வாயில எதையும் ஊத்தக்கூடாது. ஒருக்களிச்சுப் படுக்க வெச்சு நேரா இங்க கொண்டாரணும், தெரிஞ்சுக்க."

பாட்டிலில் இருந்து தண்ணீர் சொட்டுச் சொட்டாக இறங்கியது. பெரியவள் ஒவ்வொரு சொட்டையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என் வாய்தான் அவளுக்கு எமன் என்று நினைத்து அழுதாள். கொழுந்தன் வந்தால் எந்த முகத்தோடு பேசுவது?

சாயங்காலம் சின்னவள் கண் விழித்தாள். "அக்கா, சட்டை பாதியில நிக்குது" என்பதுதான் முதல் பேச்சு.

"சட்டை கெடக்கட்டும் சனியன்! வாயைத் தெற."

நர்ஸ் தந்த உப்புச் சர்க்கரைப் பொட்டலத்தை ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய நீரில் கரைத்து வைத்திருந்தாள். மடக் மடக்கென்று குடித்தால் வாந்தி வரும், கரண்டி கரண்டியாகக் கொடு என்று உத்தரவு. பொட்டலம் கிடைக்காவிட்டால் அதே அளவு தண்ணீருக்குத் தலைதட்டி ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. உப்புக் கூடினால் ஆபத்து. பெரியவள் அதை மந்திரம் மாதிரி முணுமுணுத்துக்கொண்டே ஊட்டினாள். அவள் பெற்ற பிள்ளைகளுக்குக்கூட அவ்வளவு பொறுமையாக ஊட்டியதில்லை.

விடிகிற நேரத்தில் சின்னவளைத் தாங்கிப் பிடித்துக் கழிப்பறைக்குக் கூட்டிப்போய் வந்தவள், வார்டே அதிரக் கூவினாள். "சிஸ்டர்! போயிட்டா! எங்க சின்னவ போயிட்டா!"

பக்கத்துக் கட்டில்காரி மார்பில் கைவைத்து எழுந்து உட்கார்ந்தாள்.

"ஒண்ணுக்குத்தான்கா" என்றாள் சின்னவள், வெட்கத்தோடு. இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரிக்கும்போது சின்னவளுக்குக் கண்ணில் நீர் வந்தது. அதைப் பார்த்துப் பெரியவளுக்கும் வந்தது.

"வெளிர் மஞ்சளா போற அளவுக்கு நாள் பூரா குடிக்கணும். சூட்டுல வேலை செய்றவ நீ. மறந்திடாத" என்று நர்ஸ் சொல்லி அனுப்பினாள்.

அவர்கள் வேலைக்குத் திரும்பிய அன்று கம்பெனியில் கூட்டம் போட்டிருந்தார்கள். தலைமை அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்திருந்தார். வாய் உலர்ந்தால், தலை சுற்றினால், நீர் கடுத்தால் அலட்சியம் செய்யாதீர்கள் என்று நன்றாகத்தான் பேசினார். சுவரில் புதிதாக ஒரு படம் ஒட்டியிருந்தது. அதில் ஒரு பெண் டம்ளரைத் தூக்கிக் குடித்துக்கொண்டு சிரித்தாள். கீழே புத்தம்புதுத் தண்ணீர் இயந்திரம், பளபளவென்று நின்றது.

"கக்கூஸ் சாவி, சார்..." என்று பெரியவள் எழுந்தாள்.

"அதெல்லாம் சூப்பர்வைசர் பாத்துப்பார். முதல்ல போட்டோ எடுத்துக்கலாம்."

எல்லோர் கையிலும் ஆளுக்கொரு டம்ளர் நிறையத் தண்ணீர் கொடுத்தார்கள். பிழைத்து வந்தவள் என்று சின்னவளை நடுவில் நிறுத்தினார்கள். "ம், வாய்கிட்ட வைங்க, சிரிங்க" என்றார்கள். வைத்தார்கள், சிரித்தார்கள். வந்தவர் கார் ஏறினார்.

சாவிக்கொத்து சின்னவளின் பக்கமாக வந்து குரலைத் தாழ்த்தினார். "நிரந்தரம் விஷயம் இன்னும் உன் பேர்லதான் இருக்கு. வெள்ளிக்கிழமை முடிவு பண்றாங்க. பழைய மாதிரி இருந்தியானா நான் பேசறேன்."

ஒவ்வொரு மேசைக்கு மேலும் கொக்கியில் ஒரு பிளாஸ்டிக் குடுவை தொங்கும். அதிலிருந்து குழாய் வழியாக இஸ்திரிப்பெட்டிக்குள் தண்ணீர் இறங்கும், ஆவிக்கு. சின்னவள் கையிலிருந்த டம்ளரைப் பார்த்தாள். ஓரகத்தியைப் பார்த்தாள். "குடிடி" என்று பெரியவள் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். "எனக்காகக் குடிச்சுடு."

"வெள்ளிக்கிழமை வரைக்கும்தானேக்கா."

முக்காலியில் ஏறி, சொட்டுச் சிந்தாமல் தண்ணீரைக் குடுவைக்குள் ஊற்றினாள். வரிசையாக மற்றவர்களும் ஊற்றினார்கள். சாவிக்கொத்து குடுவைகளைப் பார்த்துக்கொண்டே போனார். "நல்லது. பெட்டி வறண்டா எரிஞ்சு போயிடும்" என்றார். பெட்டிகள் கொஞ்ச நேரம் களகளவென்று குடித்தன. பிறகு ஆவி விட்டன.