ஹாரோகில் ஏற்றத்தில் தூங்குமூஞ்சி

பழைய டீசல் எஞ்சின்களைக் காதலிப்பவர்களுக்கு ஒரு விசித்திரக் குணம் உண்டு. ஒழுங்காகப் போய்ச் சேர்ந்த பயணம் எதுவும் அவர்களுக்கு நினைவிருக்காது. யார்க்‌ஷயரில் எங்கள் சங்கத்தின் ஆண்டு விருந்தில், மீனும் உருளைக்கிழங்கு வறுவலும் ஆறிக்கொண்டிருக்க, எவர் எங்கே எவ்வளவு நேரம் நடுவழியில் நின்றார் என்பதுதான் பேச்சு. அதிகம் அவதிப்பட்டவருக்கே அதிக மரியாதை.

அந்தக் கணக்கில் மார்ட்டிமர் கிளெக்கை யாரும் நெருங்க முடியாது. அதனால்தான் அவர் தலைவர். ஹாரோகில் ஏற்றத்தில், பாலத்தருகே, பனியில் அவர் போன ரயிலின் டீசல் எஞ்சின் படுத்துவிட, நீராவி எஞ்சின் ஒன்று வந்து காப்பாற்றியதாம். முதலில் கேட்டபோது பனி முழங்கால் வரை இருந்தது. போன விருந்தில் ஜன்னலைத் தொட்டுவிட்டது.

அறுபதுகளில் அவசரமாகத் தண்டவாளத்தில் இறக்கிவிடப்பட்ட அந்த எஞ்சினுக்கு எங்கள் ஆட்கள் வைத்த பெயர் தூங்குமூஞ்சி. எந்த ரயிலையும் இழுத்துக்கொண்டு அது அந்த ஏற்றத்தைத் தாண்டியதை யாரும் பார்த்ததில்லை. பழைய இரும்புக்குப் போக இருந்ததை எங்கள் சங்கம் மீட்டது. பழுது பார்த்தவர் ஹெஸ்டர் தாக்ரே, ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியை. சிறுமியாக அதே ஏற்றத்தில் மாட்டிக்கொண்டு, "ஏன் நின்னுச்சு?" என்று கார்டைக் கேட்டிருக்கிறார். "அது அப்படித்தான் பாப்பா" என்றாராம் கார்டு. அந்தப் பதில் அவரை விடவேயில்லை.

எஞ்சின் தயாரானதும் கிளெக் விழா அறிவித்தார். ரயில் பாலத்தருகே நிற்க வேண்டும். அவர் நீராவி எஞ்சினில் வந்து மீட்பார். டிக்கெட்டிலேயே ‘மீட்பு உட்பட’ என்று அச்சடித்தாயிற்று.

"பாலம் வந்ததும் அணைச்சிடுங்க, ஹெஸ்டர். வரலாறு அப்படியே திரும்ப நடக்கணும்."

"நல்லா ஓடுற எஞ்சினை நான் எதுக்குங்க அணைக்கணும், தலைவரே?"

"ஜனங்க அதைப் பார்க்கத்தானே வர்றாங்க!"

அவர் போனபின் ஹெஸ்டர் என்னிடம் சொன்னார்: "இது ஏறுமா ஏறாதான்னு தெரியாமலே நான் செத்துப்போயிடக் கூடாதுப்பா. ஒரே ஒரு தடவை."

விழா நாளில் தூறல். அடிவார நிலையத்தில் நீராவி எஞ்சின் மேல் நின்று, கழுத்தில் சங்கச் சங்கிலியோடு கிளெக் பேச ஆரம்பித்தார். பேச்சு ரயிலின் பிறப்பிலிருந்து தொடங்கியது. அந்த எஞ்சினின் ஓட்டுநர் வில்ஃப் நெருப்புக்குக் கரி அள்ளப் போனபோதெல்லாம், மைக்கில் சத்தம் வருகிறதென்று கிளெக் முறைத்தார். அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே நாங்கள் தூங்குமூஞ்சியில் புறப்பட்டுவிட்டோம். ஓட்டும் இருக்கையில் ஹெஸ்டர், பக்கத்தில் நான்.

பாலம் தெரிந்தது. பின்னால் பெட்டிகளில் எல்லா ஜன்னலிலும் காமிராக்கள் நீண்டன. ஹெஸ்டரின் கை வேகக் கைப்பிடியில் இருந்தது. நான் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது பின்னால் வரவில்லை. இன்னும் கொஞ்சம் முன்னால் போயிற்று. எஞ்சின் இருமியது, கறுப்பாகப் புகை கக்கியது. வெப்பமானியின் முள் ஏறி, சிவப்புக் கோட்டுக்கு முன்னால் நடுங்கி நின்றது.

"வாடி என் செல்லம்" என்றார் ஹெஸ்டர்.

பாலம் பின்னால் போனது. பெட்டிகளிலிருந்து ஒரு குரல்: "என்னய்யா இது, நிக்கவே மாட்டேங்குது? ஏமாத்து வேலையா இருக்கே!"

உச்சி நிலையத்தில் இறங்கியவர்கள் முகத்தில் துக்க வீட்டுக் களை. ஹெஸ்டர் மட்டும் எஞ்சினின் சூடான பக்கவாட்டில் உள்ளங்கையை வைத்துச் சும்மா நின்றார். பிறகு போய் அடிவாரத்துக்குத் தொலைபேசினார்.

"மேல வந்துட்டோம், தலைவரே."

"விளையாடாதீங்க. அது ஏறாது. எனக்குத் தெரியாதா? பாலத்துலதான் நிக்கிறீங்க. பயப்படாதீங்க, நான் வர்றேன்!"

வந்தார், பாலம் வரை. அதற்குமேல் வரவில்லை. அங்கிருந்த சிக்னல் தொலைபேசியில் வில்ஃபின் குரல்தான் வந்தது. நாங்கள் பெட்டிகளைக் கழற்றிவிட்டு எஞ்சினோடு மெல்லக் கீழே இறங்கினோம். புகையே இல்லாமல் நின்றிருந்தது நீராவி எஞ்சின். அதன்மேல் சங்கிலியிலிருந்து நீர் சொட்டச் சொட்டக் கிளெக்.

"என்னாச்சு, தலைவரே?"

"ஒரு சின்ன... தாமதம்."

"நெருப்பு செத்துப்போச்சும்மா" என்றார் வில்ஃப். "இந்த ஆளு பேச்சை முடிச்சாத்தானே நான் கரி போட முடியும்!"

கொக்கியை மாட்டி இழுத்தோம். தூங்குமூஞ்சி இரண்டாம் முறையும் ஏறியது, இம்முறை தலைவரையும் சேர்த்துக்கொண்டு. வழியெல்லாம் ஜன்னல் வழியாகப் பின்னால் பார்த்துக்கொண்டே வந்தார் ஹெஸ்டர். வாழ்நாளில் முதல்முறையாக உண்மையாகவே நடுவழியில் நின்ற மனிதரின் முகம் எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசையாம்.

அடுத்த ஆண்டு விருந்தில் கிளெக் எழுந்து, கொட்டும் மழையில் டீசல் நின்றதையும், நீராவி வந்து மீட்டதையும் உருக்கமாகச் சொன்னார். அன்று ரயிலில் இருந்தவர்களே தலையாட்டிக் கேட்டார்கள். டிக்கெட்டில் அச்சடித்திருந்தது அதுதானே.

ஹெஸ்டர் மட்டும் கை தூக்கினார். "எந்த இடத்துல நின்னுச்சு, தலைவரே?"

"பாலத்துக்குப் பக்கத்துலதான்."

"ஆமா ஆமா, அங்கதான் நின்னுச்சு" என்று சொல்லிவிட்டு, வறுவலுக்கு இன்னும் கொஞ்சம் வினிகர் கேட்டார்.