கீழே நாலும் சுத்தம்

பெண் வீட்டாருக்குக் காபி கொடுத்த கையோடு இன்பமேரி மகனின் எக்ஸ்ரேயை எடுத்துவந்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். சம்பந்தம் பேச வந்தவர்களுக்கு மாப்பிள்ளையோடு அவன் எலும்பையும் சேர்த்துக் காட்டிய வீடு எங்கள் செக்காலையில் இது ஒன்றாகத்தான் இருக்கும்.

"நல்லாப் பாருங்க சம்பந்தி, நம்மகிட்ட ஒளிவு மறைவு கெடையாது. இந்தா, விலா முடிஞ்சு இடுப்பு தொடங்குற எடத்துல மொத எலும்பு. நசுங்குனது இது ஒண்ணுதான். கீழ நாலும் பால் கணக்கா இருக்கு பாருங்க."

சிங்கம்புணரியிலிருந்து வந்திருந்த மரியப்பன் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு மேலிருந்து கீழாக எண்ணினார். உடைந்தது ஒன்று, சுத்தம் நான்கு. விடை சரியாக வந்ததும் அவர் முகம் தெளிந்தது. மாப்பிள்ளை அருள் பிரகாஷ் வாசலிலிருந்து நாற்காலிவரை நடந்து வந்ததையும் பார்த்துவிட்டார். வேறென்ன வேண்டும்?

"சந்தேகம்னா பக்கத்து வீட்டு மதினியக் கேளுங்க. ஆஸ்பத்திரியில கூடவே இருந்தவுக" என்று இன்பமேரி என்னைக் காட்டினாள்.

இருந்தேன்தான். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு மொட்டைமாடியில் சோலார் தகடு பொருத்தும்போது அருள் தவறி விழுந்தான். மதுரை ஆஸ்பத்திரிக்கு ஹார்லிக்ஸ் பாட்டிலோடு முதலில் போய் நின்றது நான். பாட்டில் ஒரு சாக்கு. விஷயம் தெரியாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. டாக்டர் ஒரு சீட்டின் பின்பக்கம் படம் போட்டு விளக்கியதை இன்பமேரி அழுதுகொண்டு கேட்டாள். நான் அழாமல் கேட்டேன். கருவில் இருக்கும்போது முதுகெலும்பும் உள்ளே ஓடும் தண்டுவடமும் ஒரே நீளமாம். பிறகு எலும்பு வளர்ந்துகொண்டே போகிறது, தண்டுவடம் பின்தங்கி, இடுப்பின் முதல் எலும்போடு ஏறக்குறைய நின்றுவிடுகிறது. அதற்குக் கீழே வெறும் நரம்புக் கற்றைதான் தொங்குகிறது. பிட்டத்து எலும்பின் பெயரைச் சொல்லிக்கொண்டு மூத்திரத்தையும் ஆண்மையையும் ஆளுகிற தண்டுவடப் பகுதி, நிஜத்தில் குடியிருப்பது மேலே, அந்த முதல் எலும்புக்குப் பின்னால். அருளுக்கு நசுங்கியது அந்த இடம். "கால் வந்துடும்மா. மத்தது கஷ்டம்" என்றார் டாக்டர்.

கால் வந்தது. மற்றது வரவில்லை.

இதெல்லாம் தெரிந்த நான்தான் மரியப்பனைப் பார்த்து, "ஆமாங்க, தங்கமான பையன்" என்று தலையை ஆட்டினேன். பெரிய காரணமெல்லாம் இல்லை. இன்பமேரி முறுக்குத் தட்டை எல்லோருக்கும் முந்தி எனக்கு நீட்டியிருந்தாள்.

அவர்கள் காரேறி, நான் என் வீட்டுக்குத் திரும்பியதும் சுவருக்கு அந்தப் பக்கம் சத்தம் கேட்டது.

"சொல்லிருவோம்மா."

"என்னத்தச் சொல்லணுங்கிற? எலும்பு ஒடஞ்சதச் சொல்லியாச்சுல்ல?"

"நாலு மணி நேரத்துக்கு ஒருக்கா குழாய் சொருகித்தாம்மா ஒண்ணுக்கே போறேன். அந்தப் புள்ள என்ன பாவம் பண்ணுச்சு?"

"கலியாணம் ஆனா எல்லாம் சரியாயிரும். மெதுவாப் பேசு, பக்கத்துல காது இருக்கு."

அந்தக் காது என்னுடையது.

எங்கள் கோயிலில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் பங்குச் சாமியாரிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள் என்று. யார் மகள் யாரோடு பைக்கில் போனாள் என்று கேட்காமலே சொல்கிற நான், சாமியார் மைக்கில் கேட்டும் இரண்டு ஞாயிறு என் கால் விரல்களையே எண்ணிக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது ஞாயிறு, சேலை எடுக்க வந்த சாக்கில் பெண்ணும் பூசைக்கு வந்துவிட்டாள். பெல்சி என் பக்கத்தில்தான் உட்கார்ந்தாள். ஓலை வாசித்து முடித்ததும் என் காதருகே குனிந்தாள்.

"அத்தே, அவுக மொகமே சரியில்லையே. என்னயப் பிடிக்கலையோ?"

பிடித்ததால்தான்டி என்று நாக்கு நுனிவரை வந்தது. "வெயிலும்மா, வேறொண்ணுமில்ல" என்றேன்.

பூசை முடிந்து வெளியே வந்தால், சைக்கிள் ஸ்டாண்டுப் பக்கம் அருள் அவளைக் கூப்பிட்டு நிறுத்தியிருந்தான். வந்தவர்களுக்கெல்லாம் மிட்டாய் நீட்டிக்கொண்டிருந்த இன்பமேரிக்கு முகம் வெளுத்தது. மரியப்பன் பக்கத்திலேயே நின்றதால் அவளால் நகர முடியவில்லை.

"மதினி, சேலக்கடைக்கு நேரமாச்சுன்னு அந்தப் புள்ளையக் கூட்டிட்டு வாங்களேன். சீக்கிரம் போங்க."

"முட்டி வலிக்குது இன்பம்" என்றேன்.

"இத்தன நாளு இல்லாத முட்டிவலி இப்பத்தான் வந்துச்சாக்கும்?"

நான் நகரவில்லை. அங்கிருந்து ஒரு சொல்லும் கேட்கவில்லை. அருள் தரையைப் பார்த்தபடி பேசிக்கொண்டே இருந்தான். பெல்சி ஒன்றே ஒன்று கேட்டாள். அவன் இல்லை என்று தலையசைத்தான்.

"என்ன, இப்பவே அப்படி என்ன பேச்சு!" என்று மரியப்பன் சிரித்தார். இன்பமேரியும் சேர்ந்து சிரித்தாள்.

எங்களுக்கு முதுகைக் காட்டி நின்ற பெல்சியின் வலது கை மெல்லப் பின்னால் வந்தது. முந்தானைக்கு அடியில் இடுப்பைத் தொட்டு, விலா முடிகிற இடத்தில் முதுகெலும்பின் ஒரு முடிச்சில் விரல் நின்றது. அங்கிருந்து ஒவ்வொரு எலும்பாகத் தடவிக்கொண்டு கீழே இறங்கியது, பாதியில் நின்றது, மறுபடி மேலே ஏறியது.