வராண்டாவில் ஒரு சோபா

கட்டடம் தீப்பிடித்தால் புகை எத்தனை நிமிடத்தில் ஆளைக் கொல்லும் என்று கணினியில் ஓட்டிப் பார்த்துச் சொல்வது என் வேலை. புளியந்தோப்பில் நாங்கள் குடியிருந்த பழைய பிளாக்கை இடித்துவிட்டு ஒன்பது மாடி கட்டுகிறார்கள். அதன் வரைபடம் என் மேசைக்கே வந்தது. ஐந்தாவது மாடியில் என் அம்மா பச்சையம்மாவுக்கும் ஒரு வீடு.

வரைபடத்தில் வராண்டா காலியாக இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. வரைந்த மகராசன் எங்கள் பக்கம் ஒரு நாள்கூட இருந்து பார்த்ததில்லை. பழைய வராண்டாவை நினைவிலிருந்து எடுத்து நானே நிரப்பினேன். வாசலுக்கு வாசல் பிளாஸ்டிக் குடங்கள், பக்கத்து வீட்டு லட்சுமணன் மாமாவின் கேரம் போர்டு, சைமா அக்காவின் தையல் துணி மூட்டை, அப்புறம் எங்கள் ரெக்சின் சோபா. அப்பா துறைமுக வேலையிலிருந்து ஓய்வுபெற்ற அன்று வாங்கிவந்தது. வீட்டுக்குள் இடமில்லாமல் வெளியே போட்டோம். மாடியே அதில் உட்கார்ந்துதான் கதையடித்தது. நான் பிளஸ் டூவுக்குப் படித்ததும் அதில்தான். ஒவ்வொன்றாகச் சேர்க்கச் சேர்க்க அந்தச் சத்தமெல்லாம் காதில் கேட்டது. அப்பா போய் ஆறு வருடம் ஆகிறது. அந்த நாட்களுக்கு ஏங்கிப்போனேன்.

பிறகு, கணினியில், மீட்டர் பெட்டியில் தீ வைத்தேன். மூன்று நிமிடத்தில் வராண்டாவில் ஒருவரும் பிழைக்கவில்லை. குடங்களை எடுத்தேன், மூட்டையை எடுத்தேன், மாமாவின் கேரம் போர்டையும் எடுத்தேன். நாலு நிமிடம். எங்கள் சோபாவை மட்டும் கடைசிவரை தொடவில்லை. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. அதை எடுத்ததும் பன்னிரண்டு நிமிடமானது. அதற்குள் எல்லோரும் இறங்கிவிடலாம். அதன் உள்ளே இருக்கும் ஃபோம் எரிந்தால் வருவது சயனைடு வாயு.

கட்டி முடிக்கும்வரை இருக்கும் மாத்தூர் வாடகை வீட்டில் அம்மா அதைத் தார்ப்பாய் போட்டு மூடிவைத்திருந்தாள். புது வராண்டாவில் எந்தப் பக்கம் போடுவது என்றுகூட முடிவு செய்தாயிற்று. விஷயத்தைச் சொன்னேன். அவள் தார்ப்பாயின் ஓரத்தை இழுத்துச் சரிசெய்தாள்.

"வூட்டுக்குள்ள போட்டு கதவ சாத்திகினா?"

அதையும் ஓட்டிப் பார்த்திருந்தேன். மற்றவர்கள் பிழைத்துக்கொள்வார்கள் என்றேன்.

"அப்ப உள்ளயே போடு."

"உள்ள கீறவங்களுக்கு ரெண்டு நிமிஷம்தாம்மா."

"நான் ஒருத்திதான கீறேன். உங்கப்பா ஒக்காந்த எடம்டி அது."

அம்மாவிடம் சண்டை போட்டுத்தான் எனக்குப் பழக்கம். அன்றைக்கு அவளுடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, அந்தச் சோபா வேண்டாம் என்று கெஞ்சினேன்.