வாஃபிளுக்குத் தெரியாத நடை

வெள்ளிக்கிழமைக்குள் மார்லிஸ் தபால் நிலையத்துக்குப் பதில் சொல்லியாக வேண்டும். அமெரிக்காவின் டுலூத் நகர மேட்டுத் தெருக்களில் ஒன்பது வருடம் நடந்து வீடு வீடாகத் தபால் கொடுத்த தன் வழித்தடத்தை மறுபடி எடுத்துக்கொள்கிறாளா, இல்லை, இப்போது அதில் போகும் ரஸ்ஸுக்கே விட்டுவிட்டு வண்டியில் போகும் வேலைக்கு மாறுகிறாளா?

இடது கணுக்கால் சுளுக்கிப் பதினோரு மாதம் ஆகிறது. வீங்கியது, வற்றியது, மறுபடி வீங்கியது. ஜவ்வு கூடிவிட்டது என்று ஸ்கேன் சொல்லிவிட்டது. ஆனாலும் "வலிக்குதா?" என்று யாராவது கேட்டால் அவளுக்கு அது வலியா, வலிக்கப்போகிறது என்ற நினைப்பா, பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

புதன்கிழமை பிசியோதெரபிஸ்ட் ஆனெட் அவளைக் கண்ணை மூடி ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னாள். இடது காலில் இருபத்திரண்டு விநாடி நின்றாள். வலது காலில் ஒன்பதாவது விநாடியே சாய்ந்து சுவரைப் பிடித்தாள்.

"அடிபட்டது இடதுதானே?"

"அப்படித்தான் நினைச்சிட்டிருந்தேன்."

"ஒரு வருஷமா நல்ல காலையே வேலை வாங்கியிருக்க. அது களைச்சுப்போச்சு. போய் உன் தெருவுல நடந்து பாரு. அதுக்கு மேல எனக்குச் சொல்லத் தெரியல."

வியாழக்கிழமை காலை, ரஸ் வருவதற்கு முன்பே, தபால் பையில்லாமல் அங்கே போனாள். அவள் வழக்கமாகத் தபால் போடும் ஆர்வோவின் வீட்டு வேலியை நெருங்கியதும் அவர் நாய் வாஃபிள் குரைத்தது. அவளைப் பார்த்து அது குரைத்ததே இல்லை. பார்க்கத்தான் எங்கே முடியும், இரண்டு கண்ணிலும் புரை. தெருமுனையில் அவள் பூட்ஸ் சத்தம் கேட்டதுமே வேலிக்கு வந்து நிற்கிற நாய் அது.

"டேய், நான்தான்டா!"

குரலைக் கேட்டு வால் ஆடியது. அவள் இரண்டு அடி வைத்ததும் மறுபடி குரைத்தது.

காபிக் கோப்பையோடு ஆர்வோ வெளியே வந்தார். "என்ன தபால்காரம்மா, பை எங்க? வேலையவிட்டுத் தூக்கிட்டாங்களா?"

"நடந்து பாக்கறேன்."

"யார் மாதிரி? வலது கால இழுக்கறயே."

"சுளுக்கு இடதுலங்க."

"போன மாசம் மளிகைக் கடையில இடத இழுத்த. இப்படி மாத்தி மாத்தி இழுத்தா நாய் என்னதான் பண்ணும்?"

பழைய மாதிரி நடக்கப் பார்த்தாள். பழைய மாதிரி என்றால் எப்படி? முதலில் குதிகாலா? நினைக்க நினைக்க இரண்டு கால்களும் வேறு யாருடையவோபோல் ஆயின.

"பை இல்லாததாலயோ என்னவோ," என்றார் ஆர்வோ. உள்ளே போய், பறவைத் தீவனம் நிரப்பிய துணிப்பை ஒன்றைக் கொண்டுவந்து அவள் தோளில் மாட்டினார். இருபது பவுண்டாவது இருக்கும்.

தெருமுனைவரை போய்த் திரும்பினாள். வாஃபிள் தலையைச் சாய்த்துக் கேட்டது. ஒருமுறை குரைத்து நிறுத்திக்கொண்டது. அடையாளம் தெரிந்ததா, அலுத்துவிட்டதா? வாசலருகே உறைந்து கிடந்த பனியில் அவள் கால் சறுக்கியது. உடம்பு ஒரு ஆட்டம் ஆடித் தானாக நிமிர்ந்தது. விழவில்லை.

"எந்தக் கால் தாங்குச்சு? பாத்தீங்களா?"

"நான் என் தீவனத்தத்தான் பாத்தேன்."

வாஃபிள் மறுபடி குரைத்தது.

"ரஸ் வந்தாலும் குரைக்குமா?"

"தினமும். அவன் கண்டுக்கறதே இல்ல."

நாய் குரைத்தாலும் ரஸ் நடந்துகொண்டுதானே இருக்கிறான் என்று மார்லிஸுக்குப் பட்டது. பிறகு கைப்பேசியை எடுத்துத் தபால் நிலைய அதிகாரியைக் கூப்பிட்டாள். "திங்கக்கிழமையிலேர்ந்து என் வழித்தடத்த நானே எடுத்துக்கறேன்."

"கால் சரியாயிடுச்சா?"

அவள் குனிந்து இரண்டு பூட்ஸ்களையும் பார்த்தாள். "தெரியல சார். ஆனா வரேன்."

கைப்பேசியை வைத்துவிட்டு மேட்டில் ஏறத் தொடங்கினாள். பத்து அடி போயிருப்பாள்.

"ஏம்மா," என்று பின்னாலிருந்து ஆர்வோ கத்தினார், "தீவனத்தக் குடுத்துட்டுப் போ!"